மேடையில் மத்தளமா, லேப்டாப்பில் மத்தளமா?

மட்டக்களப்பில் கூத்தும் கோயில் இசைக்குழுவுமாக வளர்ந்த அண்ணன் தம்பி எலக்ட்ரோனிக் நடன இசைக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

மத்தள ஓசையைப் பதிவுசெய்து சாம்பிளாக லேப்டாப்பில் எடுத்தால் வேலை சுலபம். ஹவுஸ் என்ற நடன இசை வகையின் நிமிடத்துக்கு 120 சொச்சம் அடிகளுக்குள் பிசகாமல் உட்காரும், செலவும் குறைவு. ஆனால் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஆடுபவரின் காலைப் பார்த்தபடியே மத்தளம் அடிப்பார். கால் வேகமெடுத்தால் மத்தளமும் ஏறும். அந்த ஏற்றம், ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் வரவே வராது. நேரடியாக வாசித்தால் வரும். என்ன, மைக் இரைச்சலைச் சமாளிக்க நல்ல சவுண்ட்காரர் வேண்டும்.

இங்கிலாந்தின் நடன இசைக் குழுவான டிஸ்க்ளோஷரின் சகோதரர்கள் இருவரில், கை என்பவர் டிரம்ஸும் ஹோவர்ட் என்பவர் பேஸ் கிற்றாரும் வாசித்துப் பழகியவர்கள். நடன இசைக்கு வந்த பிறகும் மேடையில் வாத்தியத்தைத் தொட்டார்கள். என் வாக்கும் அதற்கே. தம்பி லேப்டாப்பைப் பார்க்கட்டும், அண்ணன் மத்தளத்தை இடுப்பிலிருந்து அவிழ்க்கவே வேண்டாம்.