சக்கர நாற்காலியும் வோக்கரும்: அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடித்து வீடு திரும்பிய அப்பாவுக்காக, மடிக்கக்கூடிய இரும்புச் சக்கர நாற்காலி ஒன்றையும், சில மாதங்கள் கழித்து முன்பக்கம் சில்லுகள் பூட்டிய அலுமினிய வோக்கர் ஒன்றையும் வாங்கினோம். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் மணல் வளவொன்றினுள் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பாவனையில் உள்ளன. அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 69. நாற்காலியில் இருப்பவர் அப்பாவாயினும் அதன் குறைகளை உடம்பால் அறிந்தவர் அம்மாதான்.

சீமெந்துத் தரையில் நாற்காலி நன்றாகவே ஓடுகிறது. விறாந்தையைத் தாண்டி மணலில் இறங்கியதும் முன்னாலுள்ள சிறிய சில்லுகள் புதைந்துவிடுகின்றன. தள்ளத் தள்ள அவை ஆழமாக இறங்குமே தவிர நாற்காலி நகராது. முதல் மாதம் முழுவதும் அம்மா தன் பாரம் எல்லாவற்றையும் கைப்பிடியில் போட்டுத் தள்ளிவிட்டு, இரவில் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தார். பின்னர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர், நாற்காலியைத் திருப்பி, முன்சில்லுகள் மண்ணில் படாதவாறு சற்றே சாய்த்து, பெரிய சில்லுகளின் மேல் பின்னோக்கி இழுக்கும் முறையைக் காட்டித்தந்தார். வாங்கிய கடையில் அப்பாவின் உயரத்தையும் நிறையையும் விசாரித்தார்களே ஒழிய, தள்ளப்போவது யார் என்று கேட்கவில்லை. நாங்களும் அதை யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

கைதாங்கிகள் கழற்ற முடியாதவை. அவற்றைக் கழற்ற முடிந்திருந்தால் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, அப்பா பக்கவாட்டாக நகர்ந்து அமர்ந்திருக்கலாம். இந்த நாற்காலியிலோ அவரைத் தூக்கி நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் அம்மாவின் இடுப்பில் இறங்கியது. பிரேக்கும் அமர்ந்திருப்பவரின் கைக்கு மட்டுமே எட்டும். ஒன்றரை அடி உயரமான விறாந்தைக்கு மேசன் முதலில் 6 அடி நீளத்தில் சரிவு கட்டித்தந்தார். அதில் ஏற்ற அம்மாவால் முடியவில்லை, இறக்கவோ பயமாக இருந்தது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 18 அடிக்கு அதை நீட்டிய பிறகுதான், தான் சரிவின் கீழ்ப்பக்கமாக நின்று நாற்காலியைத் தாங்கியபடி பின்புறமாக இறக்கும் துணிவு அவருக்கு வந்தது. கிளினிக்குக்குப் போகும் நாட்களில் நாற்காலியை ஓட்டோவில் ஏற்ற இன்னமும் பக்கத்து வீட்டுத் தம்பியைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த நாற்காலியை மறுபடி வாங்கமாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியவர் இருவர் மட்டும் தனித்து வாழும் வீடுகள் வன்னியில் பல. காசு அனுப்பி வாங்கிக்கொடுப்பவர்கள், அம்மாவையும் கடைக்கு வரச்சொல்லி, ஒருவரை அமர்த்தி வாசல் மண்ணில் ஒரு தடவை தள்ளிப்பார்க்கச் சொல்லுங்கள்.

வோக்கரைப் பற்றி இத்தனை முறைப்பாடு இல்லை. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்குக் கைப்பிடியை அமைத்துக்கொண்டோம்; மணலில் இதுவும் ஓடாது என்பதால், மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் சீமெந்துப் பாதை போட்டோம். முன்பெல்லாம் இரவில் இரண்டு மூன்று தடவை "இஞ்சாரும்" என்ற குரல் கேட்டு அம்மா எழும்புவார். இப்போது அப்பா கூப்பிடுவதில்லை. ஆனாலும் முதல் சில வாரங்கள், பின்கால்களின் றப்பர் சீமெந்தில் உரசும் சத்தம் போய்த் திரும்பி வரும்வரை அம்மா கண்ணை மூடாமல் படுத்திருந்தார். "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்தானே" என்று விடியற்காலையில் ஒருநாள் கோபித்தும்கொண்டார். தூக்கும் வேலை குறைந்த அளவுக்கு அவருடைய கவலை குறையவில்லை. ஆயினும், அப்பா விழுந்த பின்னர் முதன்முறையாக, இந்த வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குத் தங்கையோடு போய், இரவு முழுவதும் கோயிலில் இருந்துவிட்டு வந்தார்.

கால்களின் றப்பர் தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும் என்பதால், மாற்றுவதற்கு இரண்டு சோடி வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வோக்கரைக் கவிழ்த்து அவற்றைப் பார்ப்பவர் அம்மா.