ஆனி மழையில் புன்னப்ரா: ஆயாவோடு மூன்று இரவுகள்

ஆலப்புழாவுக்குத் தெற்கே புன்னப்ராவில், கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரு வீட்டில் தங்கிவிட்டு வந்தோம். மாடியில் மொத்தமே மூன்று அறைகள், கீழே வீட்டுக்காரர்கள். ஜூன் கடைசி வாரம். காலைச் சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 1,600 ரூபாய். கூட வந்தது என் ஆயா, அதாவது பாட்டி. வயது 74. வடசென்னை காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் கூடை தூக்கியவர்.

மழைக்காலத்தில் எதற்குக் கேரளா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஆயாவுக்கு ஒரு ஆசை இருந்தது. நம் கடலில் சூரியன் எழும், அந்தக் கடலில் சூரியன் விழும், அதைப் பார்க்க வேண்டும் என்று. எனக்கு லீவு கிடைத்தது ஜூனில்தான். சரி, போவோம் என்று கிளம்பிவிட்டோம்.

அறை தேடி மூன்று இடங்களுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர், மழை ராத்திரியில்தான் பெய்யும், பகலில் கடலில் குளிக்கலாம் என்றார்கள். மூன்றாவதாகப் பேசியவர் இந்த வீட்டுக்கார அம்மா, நாங்கள் சேச்சி (அக்கா) என்றுதான் கூப்பிட்டோம். "ஜூன், ஜூலையில் கடலில் கால் வைக்க விட மாட்டேன். குளிக்கணும்னா டிசம்பரில் வாங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே பணம் கட்டினேன். அவர் சொன்னதுதான் உண்மை. ஜூன் 1 வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அந்தக் கரையில் ஜூனிலும் ஜூலையிலும்தான் உச்சத்தில் இருக்கும். அதற்குப் பகல், ராத்திரி என்ற கணக்கு கிடையாது.

முதல் ராத்திரி கொடுத்த மேற்குப் பக்க அறை சரியில்லை. ஜன்னல் மரம் ஊறி உப்பி, முழுக்கச் சாத்த முடியவில்லை. கடல் காற்று நேராக அடித்ததில் சாரல் உள்ளே வந்து மெத்தையின் ஓரம் நனைந்துவிட்டது. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளும் விழவில்லை. காலையில் சொன்னதும், சேச்சி முகம் சுளிக்காமல் கிழக்குப் பக்க அறைக்கு மாற்றிக் கொடுத்தார். அது நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு நாளில் நாலைந்து முறை கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருந்ததால் மின்விசிறி நிற்கவில்லை. இன்டர்நெட்டை நம்பி ஆபீஸ் வேலையோடு போகாதீர்கள்.

மழைக்காலத்தில் போகிறவர்கள் அறை எப்படி என்று கேட்பதற்கு முன்னால், துணி எங்கே காயும் என்று கேட்க வேண்டும். இதை அங்கே போன பிறகுதான் கற்றுக்கொண்டேன். இரண்டாம் நாளே எங்களிடம் காய்ந்த துணி இல்லை. ஜீன்ஸ் பேன்ட் மூன்று நாளும் காயவே இல்லை. இந்த வீட்டில் விறகு அடுப்புக்கு மேலே பரண் மாதிரி ஒரு இடம் இருக்கிறது. சேச்சி ஆயாவின் புடவையை வாங்கி அங்கே கொடி கட்டிப் போட்டார். புடவை புகை வாசனையோடு காய்ந்து வந்தது. ஆயா அதை மோந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா வூட்டு வாசனடி இது" என்றார்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலையில் புட்டு, கடலைக் கறி. மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக 150 ரூபாய். மட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் குழம்பு, மத்தி வறுவல். குடிக்கப் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். மீன் வாங்கும்போது ஆயா சும்மா இருக்கவில்லை. சேச்சியின் கையிலிருந்து மீனை வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சமைக்கச் சொன்னார். மத்தி நம் பக்கத்துக் கவலை மீனுக்குச் சொந்தம்தான், ஆனால் நெய் அதிகம். குடம்புளிக் குழம்பை முதல் நாள் ஒதுக்கி வைத்தவர், அடுத்த நாள் அதே குழம்பு ஊறி இறங்கிய பிறகு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் அந்தக் கடல். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருந்த நேரம். அங்கே அப்போதுதான் தடை ஆரம்பம். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகள் போகக் கூடாது. வள்ளங்களுக்கு, அதாவது நாட்டுப் படகுகளுக்கு, மட்டும் தடை இல்லை. இந்த அலையில் வள்ளத்தை எப்படி இறக்குவார்கள் என்பது ஆயாவின் கேள்வி. சேச்சியின் கணவர் மூன்றாம் நாள் காலை எங்களை ஆட்டோவில் ஏற்றித் தெற்கே கூட்டிப் போனார். வழியெல்லாம் அலை கற்சுவரில் மோதி ரோட்டு வரைக்கும் தெறித்தது. ஒரு இடத்தில் இறங்கிப் பார்த்தால் அலையே இல்லை. பழுப்பு நிறத்தில் எண்ணெய் ஊற்றிய மாதிரி கடல் படுத்திருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னாடி இது, மேல மழை பேயுது, கீழ கடலு தூங்குது!" என்று ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குச் சாகரா என்று பெயர். மழைக்கால அலைகள் கடலடியில் இருக்கும் மெல்லிய களிமண்ணைக் கலக்கிவிடும். அந்தக் குழம்பு பின்னால் வருகிற அலையின் வேகத்தை விழுங்கிவிடுவதால் கரைப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். மீனும் அங்கே கூடும். ஆலப்புழாக் கரை இதற்குப் பேர் போனது. ஒவ்வொரு வருஷமும் ஒரே இடத்தில் விழாது என்பதால் ஊர்க்காரர் துணை இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆயா குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, வலையிலிருந்து மத்தி உதறிக்கொண்டிருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மலையாளம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. ஒரு மணி நேரம் பேசினார்கள். மழை என்றாலே வீட்டுக்குள் வரும் தண்ணீர் என்று பயப்படுகிறவர் அவர். ஐப்பசி பிறந்தால் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிடுவார். அன்றைக்கு அவர் முழுக்க நனைந்து சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தக் கரையிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. கடல் அரித்த வீடுகளைப் போகிற வழியில் பார்த்தோம். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா மணல் வளர்ந்ததும், வடக்கே எங்கள் கரை அரிந்துபோனதும் ஆயாவுக்குத் தெரியும். கற்சுவரைக் கண்டதும், இங்கேயும் கல் கொட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வானிலை மையத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மஞ்சள் என்றால் குடையோடு போகலாம், ஆரஞ்சு என்றால் யோசித்துப் போங்கள், சிவப்பு என்றால் அறையை விட்டு வெளியே வராதீர்கள். அடுத்தது, காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் நடக்காதீர்கள், மழைக்காலத்தில் அங்கே எலிக்காய்ச்சல் உண்டு. ஆயாவின் பாத வெடிப்பைப் பார்த்ததுமே சேச்சி ரப்பர் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் சேறு, மூட்டு வலி உள்ளவர்கள் ஆட்டோவை வாசல் வரைக்கும் வரச் சொல்லுங்கள். காயலைப் பார்க்க வாடகைப் படகுவீடு எடுக்க வேண்டியதில்லை, ஆலப்புழாவிலிருந்து அரசுப் படகு சில ரூபாய்க்கே கூட்டிப் போகிறது.

சூரியன் கடலில் விழுவதை நாங்கள் பார்க்கவே இல்லை. மூன்று சாயங்காலமும் மேகம்தான். ஆயா அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அந்த அரை மதிப்பெண் ஜன்னலுக்காகக் குறைத்தது. ஆனி, ஆடியில் போனால் கிழக்குப் பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்துதான் வரும்.