கிளிநொச்சியில் வாங்கிய ஜெனிங்ஸ் நோட்ஸ்: 650 ரூபாய்க்குப் பெறுமதியா?

கிளிநொச்சி பஸ் நிலையத்திலிருந்து ஏ9 வீதியில் கொஞ்சம் நடந்தால் ஒரு போட்டோக் கொப்பிக் கடை வரும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பேனை, பசை, கடித உறைகளுக்குப் பக்கத்தில் சட்டம் படிப்பவர்களுக்கான நோட்ஸ்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். யார் எழுதியது என்று எதிலும் இல்லை. கேட்டால் "ஒரு சேர் தந்தவர் தம்பி, பேர் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்" என்பார் கடைக்கார அண்ணை. அதில் ஒன்று, இங்கிலாந்தின் அரசியலமைப்புச் சட்ட அறிஞர் சேர் ஐவர் ஜெனிங்ஸின் வாழ்க்கையும் பணியும் பற்றியது. ஏ4 தாளில் 64 பக்கம், சுருள் பைண்டிங், 650 ரூபாய். நான் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைக்கல்வியில் சட்டம் படிப்பவன், அரசியலமைப்புச் சட்டப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது வாங்கினேன். இரண்டு தரம் முழுக்க வாசித்துவிட்டேன்.

முதலில் கொப்பியின் கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் 40 பக்கம் தெளிவாக இருக்கிறது, அதற்குப் பிறகு மெஷினில் மை குறைந்திருக்க வேண்டும், வரிகள் சாம்பல் நிறமாகி கடைசிப் பக்கங்களில் 'ர'வும் 'ா'வும் ஒன்றாகிவிட்டன. 23ஆம் பக்கம் இரண்டு தரம் வருகிறது, 24 இல்லை. திருப்பிக் கொண்டுபோனதும் சண்டை சச்சரவு இல்லாமல் 24ஐ அடித்துத் தந்தார்கள், ஆனால் அதைச் சுருளுக்குள் போட முடியாததால் இன்றைக்கும் அது தனித்தாளாகத்தான் கிடக்கிறது. பஸ்ஸில் வாசிப்பவர்கள் ஒரு பிளாஸ்டிக் கோப்பும் சேர்த்து வாங்குங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், மனிதர் யார் என்ற கதை ஒழுங்காகத்தான் இருக்கிறது. 1903இல் பிரிஸ்டலில் பிறப்பு, கேம்பிரிட்ஜில் படிப்பு, லீட்ஸிலும் பிறகு லண்டன் பொருளியல் கல்லூரியிலும் விரிவுரையாளர், 1941இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராகக் கொழும்புக்கு வருகை, அடுத்த வருடமே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். பேராதனை வளாகத்துக்கு மட்டும் பதினொரு பக்கம் போயிருக்கிறது, எழுதிய சேர் பேராதனைக்காரராக இருக்க வேண்டும், அந்தப் பாசம் வரிக்கு வரி தெரிகிறது. மலை, மரம், ஹந்தானைப் பனி எல்லாம் இருக்கிறது. பரீட்சைக்கு ஒன்றும் வராது, ஆனால் வாசிக்க நல்லாயிருந்தது.

காசு கொடுத்ததற்குப் பெறுமதியான பகுதி இரண்டாம் அத்தியாயம். ஆளைப் பார்த்து அல்ல, எல்லாரையும் சட்டமே ஆள வேண்டும் என்று அவருக்கு முந்திய ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசி சொன்ன சட்டவாட்சியை 1933இல் வெளிவந்த தன் நூலில் ஜெனிங்ஸ் எப்படிக் கிண்டிக் கிளறினார் என்பதை இவ்வளவு எளிய தமிழில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதிகாரியின் கையில் பரந்த தற்றுணிபு, அதாவது தானே யோசித்துத் தீர்மானிக்கிற அதிகாரம், இருந்தாலே சட்டவாட்சிக்கு ஆபத்து என்பது டைசியின் பயம். ஜெனிங்ஸ் வீடமைப்பு, சுகாதாரம், உள்ளூராட்சி பற்றிய சட்டங்களில் ஊறியவர். அவர் கேட்டது, வீடு கட்டிக் கொடுக்கிற, தண்ணீர் கொடுக்கிற, நோய் தடுக்கிற ஒரு அரசு தற்றுணிபு இல்லாமல் எப்படி ஓடும் என்று. வன்னியில் காணிக் கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்ற எவருக்கும் இந்த இரண்டு பேரும் சொல்வது ஒரே நேரத்தில் விளங்கும். அதிகாரி நினைத்தால்தான் காணி கிடைக்கும், அதிகாரி நினைத்தபடியால்தான் கிடைக்காமலும் போகும்.

அரசியலமைப்பு வழக்காறுகள், அதாவது சட்டத்தில் எழுதாவிட்டாலும் ஆள்பவர்கள் மீறாமல் பின்பற்றுகிற விதிகள், பற்றிய பகுதியும் அருமை. ஒரு வழக்காறு உண்டா என்று பார்க்க ஜெனிங்ஸ் மூன்று கேள்வி வைத்தார்: முன்னர் அப்படி நடந்திருக்கிறதா, நடந்துகொண்டவர்கள் தங்களை ஒரு விதி கட்டுப்படுத்துவதாக நம்பினார்களா, அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறதா. 1981இல் கனடா உச்ச நீதிமன்றம் இந்தச் சோதனையைத்தான் எடுத்துக்கொண்டது. நோட்ஸில் இதற்கு உதாரணமாக வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல் தீர்த்தம் எடுத்து வருவதைச் சொல்லியிருக்கிறார் சேர். எழுதிய சட்டம் எதிலும் இல்லை, ஆனால் யாராவது மாற்றிப் பார்க்கட்டும்! வகுப்பில் மூன்று மாதமாக என் மண்டையில் ஏறாதது இந்த ஒரு பந்தியில் ஏறிவிட்டது.

ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். 'பொதுச் சட்டம்' என்ற ஒரே சொல்லை அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான சட்டத்துக்கும், இங்கிலாந்தில் நீதிபதிகளின் தீர்ப்பால் வளர்ந்த சட்டத்துக்கும் மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள். ஜெனிங்ஸ் முதலாவதில் புலி. 17ஆம் பக்கத்தை வாசித்தால் இரண்டாவதில் என்று நினைப்பீர்கள். பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொண்டு வாசியுங்கள்.

பெரிய பிழை 38ஆம் பக்கத்தில் இருக்கிறது, இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு பற்றி ஆராயப் பிரித்தானியா அனுப்பிய சோல்பரி ஆணைக்குழுவின் உறுப்பினராம் ஜெனிங்ஸ். இல்லை. ஆணைக்குழுவில் இருந்தது சோல்பரி பிரபு, ரீஸ், பரோஸ் என்ற மூன்று பேர். ஜெனிங்ஸ் மேசையின் மறுபக்கம், பிறகு முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்தார், 1944இல் அமைச்சர்களின் வரைவு அவர் துணையோடுதான் உருவானது. அந்த வரைவைப் பெரும்பாலும் ஒட்டித்தான் சோல்பரி அறிக்கை வந்தது. பரீட்சையில் உறுப்பினர் என்று எழுதினால் புள்ளி போய்விடும், அதைவிட, யார் பக்கத்தில் இருந்து எழுதினார் என்பதும் மறைந்துவிடும்.

இனி என் உண்மையான மனக்குறை. அந்த அறிக்கையிலிருந்து வந்த சோல்பரி யாப்பின் (அரசியலமைப்பின்) 29ஆம் பிரிவைப் பற்றி நோட்ஸில் ஒரேயொரு வரி: "இது சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பளித்தது." முற்றுப்புள்ளி. அடுத்த பந்தியில் மனிதர் 1948இல் சேர் பட்டம் வாங்கிவிடுகிறார்.

நான் பாரதிபுரத்தான். தாத்தா குடும்பம் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தது. பக்கத்து வளவுக்காரர்களைக் கேட்டாலும் வருடம் மட்டும்தான் மாறும், கதை மாறாது. ஒரு சமூகத்துக்கு மட்டும் குறைபாட்டைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்றுதான் 29(2) சொன்னது. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதில் 'மலையகத் தமிழர்' என்ற சொல்லே இல்லை, தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் அந்தக் கடதாசிக்கு எங்கே போவது? பிறகு தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்தார்கள். கோடகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டுத் தொடங்கிய வழக்கு 1953இல், அப்போது இலங்கைக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு உரியதுதான், இது 29ஐ மீறவில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இதற்கு ஜெனிங்ஸ்தான் பொறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது அரசாங்கம். ஆனால் உரிமைகளைப் பட்டியல் போட்டு எழுதி வைப்பதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை, இங்கிலாந்து அப்படி எழுதாமலே நன்றாகத்தானே ஓடுகிறது என்ற எண்ணம் அவருக்கு. வழக்காறு பற்றி அவ்வளவு கூர்மையாக யோசித்த மனிதர், அந்த வழக்காறே இல்லாத ஊரில் வெறும் சொற்கள் என்ன ஆகும் என்று பார்த்த இடம் இலங்கைதான். இந்த இடத்தை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுதினால் பதவிப் பட்டியல்தான் மிஞ்சும். பட்டியலுக்கு என்ன குறை: மலாயாவுக்கு யாப்பு எழுதிய ரீட் ஆணைக்குழு, பாகிஸ்தான், நேபாளம், கேம்பிரிட்ஜ் துணைவேந்தர், 1965இல் மரணம், எல்லாம் கடைசி நாலு சாம்பல் பக்கங்களில் ஓட்டமாக ஓடுகிறது.

எங்கள் அம்மாயிக்கு, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்தது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து, இதே கடையில்தான் லமினேட் பண்ணினோம். ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி விட்டுவிட்டார்கள், ஆனால் இன்றுவரை பிரியவில்லை.

சரி, வாங்கலாமா என்றால், இரண்டாம் அத்தியாயத்துக்காகவும் வற்றாப்பளை உதாரணத்துக்காகவும் வாங்கலாம். கடையிலேயே பக்கங்களை எண்ணிப் பாருங்கள். பென்சிலால் திருத்தி, 29ஆம் பிரிவு பற்றி மூன்று தாளும் எழுதிச் சேர்த்த என் கொப்பியைப் போன கிழமை அண்ணையிடம் கொடுத்தேன், அந்தச் சேரிடம் காட்டச் சொல்லி. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூண்டு தாள் கூடினா எழுநூறாகும், பெடியள் வாங்குவாங்களோ?" என்று கேட்டார்.