ஜோட்டெரோவும் ஒரு நீள நோட்டும்: ஆய்வேடு எழுதிய அனுபவம்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்குப் படிப்பது பாதி மலையாளத்தில், எழுதுவது முழுக்கத் தமிழில். என் தலைப்பு தோல்பாவைக்கூத்து. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில் கூத்துமாடங்களில் (கூத்துக்கான மேடை) தோல்பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டி, புலவர்கள் என்று அழைக்கப்படும் கலைஞர்கள் கம்பன் பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து விளக்கம் தரும் கலை அது. அதனால் மலையாள நூல், ஆங்கிலக் கட்டுரை, பழைய தமிழ்ப் பதிப்பின் ஸ்கேன், புலவர் பேச்சைப் பதிந்த போன் என்று எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். எது யாருடையது என்று குழம்பாமலிருக்க நான் நெடுநாளாக வைத்திருப்பவை இரண்டு: நூல் விவரங்களையும் குறிப்புகளையும் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள், ஒரு நீள நோட்டு. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நோட்டைத்தான் எடுப்பேன்.

ஜோட்டெரோவில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதன் பிடிஎஃப் வாசிப்பான். படிக்கும்போது வரிகளுக்கு வண்ணம் பூசி, அவற்றிலிருந்து குறிப்பு உருவாக்கச் சொன்னால், ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிக்குள், ஆசிரியர் பெயரோடும் பக்க எண்ணோடும் வந்து விழும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அது நம் வரியா, அடுத்தவர் வரியா என்ற சந்தேகமே வராது. ஆனால் ஸ்கேன் செய்த பழைய நூல்களில் எழுத்தைத் தேர்வு செய்ய முடியாது. அந்தப் பகுதியைப் படமாகத்தான் வெட்டி வைக்கலாம். தமிழ்ப் பெயர்களிலும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், நம் தலைப்பெழுத்து இரண்டிலும் உட்காராது. பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்கிவிட்டால் தீர்ந்தது.

நோட்டின் முறை எளிது. இடப்பக்கம் நூல் சொல்வது, பக்க எண்ணோடு. வலப்பக்கம், நூலை மூடிவைத்துவிட்டு, எனக்குப் புரிந்தது. மூடிவைப்பதுதான் இதில் முக்கியம். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு மாதிரியாக ஒரு வாக்கியம்: ‘கூத்துமாடத்தில் வரிசையாக ஏற்றப்படும் 21 விளக்குகள் பாவைகளின் நிழலைத் திரையில் விழச் செய்கின்றன.’ மாணவர் கையில் இது ‘கூத்துமாடத்தில் நிரையாக ஒளிரும் இருபத்தொரு தீபங்கள் பொம்மைகளின் சாயலைத் திரையில் படியச் செய்கின்றன’ என்று மாறும். சொல் எல்லாம் புதுசு, வாக்கியம் அதேதான். 21 விளக்கு என்ற செய்தி இந்தக் கலையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்வது, அதற்கு மேற்கோள் தேவையில்லை. அடுத்தவர் கட்டிய வாக்கியத்தை இப்படிச் சட்டை மாற்றி நடத்திக்கொண்டு போவதுதான் திருட்டு.

ஒப்புமை ரிப்போர்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் மற்ற நூல்களோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் கணக்கு அது. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. முறையாகக் காட்டிய மேற்கோள்களும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. விதியின் சுருக்கம் இது. ஆனால் பலரும் அந்தப் பத்தைத் திருட அனுமதித்த அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘எத்தனை பர்சன்ட் வந்துச்சு?’ என்ற கேள்விக்கு அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த ரிப்போர்ட்டுக்குச் சொற்கள்தான் தெரியும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். மலையாள நூலிலிருந்து ஒரு பத்தியைத் தமிழாக்கிப் போட்டால், நான் பார்த்த எந்த ரிப்போர்ட்டிலும் அது சிக்கியதில்லை. எல்லைப் பக்கத்தில் இந்தச் சபலம் அதிகம். இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு ஒரு பத்தியை மாற்ற ஐந்து நிமிடம் போதும், ‘நான்தானே தமிழில் எழுதினேன்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். மொழிபெயர்ப்பைத் தொல்காப்பியமே வழிநூலின், அதாவது முன்னொரு நூலை ஒட்டி எழுதும் நூலின், ஒரு வகையாகத்தான் வைக்கிறது. சொல் நம்முடையதாக இருக்கலாம், கருத்துக்கு உரியவர் அந்த மலையாள ஆசிரியர்தான். என் நோட்டில் மலையாளத்திலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ‘ம’ போட்டுவிடுவேன். அடிக்குறிப்பில் ‘தமிழாக்கம் என்னுடையது’ என்று சேர்க்க அது நினைவூட்டும்.

புலவர்கள் வாய்மொழியாகச் சொல்வதும் இதே கதைதான். ஒரு பாட்டுக்குப் புலவர் தரும் விளக்கம் எந்த அச்சு நூலிலும் இருக்காது, அதனால் எந்த மென்பொருளும் பிடிக்காது. அதை நம் ஆய்வு முடிவு மாதிரி எழுதிவிடலாம். எழுதியவர்களைப் பார்த்தும் இருக்கிறேன், எரிச்சலாக இருக்கும். சொன்னவர் பெயர், ஊர், கோயில், நாள் நான்கையும் அன்று ராத்திரியே நோட்டில் ஏற்றிவிடுவது என் வழக்கம். மறுநாள் இரண்டு கோயில்கள் கலந்துவிடும். பாட்டிலும் கவனம் வேண்டும். கூத்தில் கேட்ட வடிவம் அச்சிட்ட கம்பனிலிருந்து சில இடங்களில் மாறும். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துப் போட்டுவிட்டு ‘கூத்தில் பாடப்பட்டது’ என்று கீழே எழுதுவது பொய். இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உள்ள இன்னொருவர் ஆய்வேட்டில் பார்த்த மேற்கோளை, மூலநூலைத் தொடாமல், மூலத்தையே பார்த்ததாகக் காட்டுவதும் அப்படித்தான்.

ஏஐ கருவிகளிடம் மேற்கோள் கேட்பதை நான் விட்டுவிட்டேன். இல்லாத நூலுக்கும் பக்க எண் தருகின்றன.

ஜோட்டெரோ பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் செலவு பற்றி: நிறுவுவதும் குறிப்புகளை இணையத்தில் ஒத்திசைப்பதும் இலவசம். கோப்புகளுக்கு மட்டும் 300 எம்பி வரைதான் சும்மா கிடைக்கும், ஸ்கேன் நூல்கள் அதைச் சட்டென்று நிரப்பிவிடும். நான் கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்.