708 கி.மீ. ஓடும் என்று சொல்லி விற்கும் மின்சார ஸ்போர்ட்ஸ் கார்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரே சார்ஜில் சென்னையிலிருந்து கோவை போய்விடலாம் என்று ஷோரூமில் சொன்னதை நம்பி அறுபது, எழுபது லட்சம் கொடுத்து மின்சார ஸ்போர்ட்ஸ் கார் எடுத்தவர்கள், சேலம் வருவதற்குள் சார்ஜர் தேடுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால், "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார், நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பேட்டரி நன்றாக இருப்பது உண்மைதான். விற்கும்போது காட்டிய எண்தான் உங்கள் சாலைக்குப் பொருந்தாதது.

2022-ல் இந்தியாவுக்கு வந்த கியா ஈவி6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 77.4 யூனிட் பேட்டரி. (கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.) இந்தியச் சோதனைச் சான்றிதழில் 708 கி.மீ. ஐரோப்பாவில் இதே பேட்டரிக்கு, பின்சக்கர மோட்டார் மட்டும் உள்ள வண்டியில், அதிகபட்சம் 528. அமெரிக்காவில் 310 மைல், அதாவது 499 கி.மீ. மூன்றுமே அரசு ஒப்புக்கொண்ட எண்கள். ஆனால் சோதனை ஓட்டும் முறை நாட்டுக்கு நாடு வேறு. இந்தியச் சோதனையில் வண்டி ஆய்வுக்கூடத்தில் ரோலர் மேல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றும், வேகம் 90-ஐத் தாண்டாது, பெரும்பகுதி நகரத்து வேகம்தான், ஏசி ஓடாது. ஐரோப்பியச் சோதனையில் 131 கி.மீ. வேகம் வரை போகிறார்கள், ஆனாலும் சராசரி 46.5 கி.மீ.தான். அமெரிக்காவில் ரோலரில் கிடைத்த தூரத்தைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்து வெளியிடுகிறார்கள். அதனால்தான் மூன்றில் அது சாலைக்குக் கொஞ்சம் நெருக்கமாக வருகிறது. அங்கேயும் கூடுதல் சோதனைகள் செய்து அந்தக் குறைப்பைச் சிறிதாக்கிக்கொள்ள நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது.

708-ஐ நீங்களே வகுத்துப் பாருங்கள். 77.4 யூனிட்டில் 708 கி.மீ. என்றால் 100 கி.மீ.க்குப் பதினோரு யூனிட்கூட ஆகவில்லை. நாலுவழிச் சாலையில் 100, 110 வேகத்தில் ஏசி போட்டு ஓட்டினால் இந்த அளவு வண்டிக்கு 18 முதல் 20 யூனிட் ஆகும். 19 என்று வைத்தால் முழு பேட்டரிக்கும் 407 கி.மீ. அதையும் முழுசாக யாரும் ஓட்டுவதில்லை. ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது மந்தமாகிவிடும். கீழே 10 சதவீதத்தைத் தொட்டால் எவருக்கும் பயம் வரும். இடையில் இருக்கும் 70 சதவீதம் 54 யூனிட். ஓடும் தூரம் 285 கி.மீ. பயணத்தில் ஒரு சார்ஜருக்கும் அடுத்ததற்கும் நடுவே உங்கள் கையில் இருக்கும் தூரம் அதுதான். 60 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால் அந்த 54 யூனிட் ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஸ்போர்ட்ஸ் ரகத்துக்குப் போகும்போது அடி இன்னும் பலமாக விழுகிறது. அதே 77.4 யூனிட் பேட்டரியோடு வெளிநாடுகளில் விற்ற ஈவி6 ஜிடி, இரண்டு மோட்டார், 585 குதிரைசக்தி, 21 அங்குல சக்கரம். அதன் தூரம் ஐரோப்பாவில் 424, அமெரிக்காவில் 331 கி.மீ. பேட்டரியில் ஒரு யூனிட்கூடக் குறையாமல் 499 எப்படி 331 ஆனது? சாலையைக் கவ்விப் பிடிக்கும் அகலமான டயர், பெரிய சக்கரம், முன்பக்கம் ஒரு மோட்டார் கூடுதல். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் சக்கரத்தின் விலையைத் தனியாகவே பார்க்கலாம்: 19 அங்குலத்தில் 637 கி.மீ., 21 அங்குலத்தில் 560. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் எண். படத்தில் நிற்கும் வண்டிக்கு எந்தச் சக்கரம் என்று பாருங்கள். அந்த 637-ஐயும் 2024 ஜனவரியில் 578 ஆகக் குறைத்துக்கொண்டார்கள்.

வேகம் கூடினால் ஏன் இப்படிக் கரைகிறது? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. போர்ஷே டைகான் காற்றைக் கிழிப்பதில் மிகச் சிறந்த வண்டிகளில் ஒன்று, காற்றுத்தடை எண் 0.22. அதற்கே 100 வேகத்தில் காற்றைத் தள்ள மட்டும் 100 கி.மீ.க்கு ஆறரை யூனிட், 130-ல் 11 யூனிட், 160-ல் 17 யூனிட் போகும். டயர் உராய்வு, மோட்டார் இழப்பு, ஏசி எல்லாம் இதற்கு மேல். எல்லா நிறுவனமும் ஊதிச் சொல்கிறது என்றும் எழுதிவிடக் கூடாது. 2020 டைகான் டர்போவுக்கு அமெரிக்கச் சான்று 323 கி.மீ.தான், பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்தபோது அதற்கு மேலேயே போனது. ஐரோப்பிய விளம்பரத்தில் அதே வண்டிக்கு 450 வரை இருந்தது.

ஏசி பற்றிப் பலருக்குத் தலைகீழான எண்ணம் இருக்கிறது. ஒன்றரை கிலோவாட் இழுக்கும் ஏசி, 100 வேகத்தில் 100 கி.மீ.க்கு ஒன்றரை யூனிட்தான் தின்னும். 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதுவே 10 யூனிட். மே மாத வெயிலில் நகர நெரிசல்தான் ஏசியால் தூரத்தைக் குடிக்கும் இடம்.

திரையில் காட்டும் 'மீதித் தூரம்' எண்ணை வைத்து வண்டியை எடை போடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் ஊகம். ஷோரூம் வண்டி நாளெல்லாம் தெருவுக்குள் மெதுவாகச் சுற்றியிருந்தால் எண் பெருத்துக் காட்டும். டெஸ்லா வண்டிகளில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்வரை மிகையான எண்ணைக் காட்டும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது என்றும், தூரம் குறைகிறது என்று சர்வீஸுக்கு நேரம் வாங்கியவர்களின் முன்பதிவை ரத்து செய்யவே ஒரு குழு இயங்கியது என்றும் 2023 ஜூலையில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் தென்கொரிய வணிகப் போட்டி ஆணையம் டெஸ்லாவுக்கு 285 கோடி வான் அபராதம் போட்டது. குளிரில் தூரம் பாதியாகக்கூடக் குறையும் என்பதை வாங்குபவர்களிடம் சொல்லாமல் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியது இது. நாற்பது கி.மீ. ஓட்டக் கொடுக்கச் சொல்லுங்கள், மூன்று கி.மீ. சுற்றில் ஒன்றும் தெரியாது. டயர் காற்றைக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வைத்து, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, ஏசியை 24-ல் விட்டு, நெடுஞ்சாலையில் நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் இருபது கி.மீ. போய், அதே வழியில் இருபது கி.மீ. திரும்புங்கள். ஒரு வழி மட்டும் ஓட்டினால் காற்றும் மேடும் கணக்கைக் கெடுத்துவிடும். பேட்டரி சதவீதத்தைக் குறிக்காதீர்கள், அது முழு எண்ணாகத்தான் குறையும் என்பதால் சிறு ஓட்டத்தில் பிழை பெரிது. 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று டிரிப் மீட்டர் காட்டுவதைப் படம் எடுங்கள். பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய யூனிட்டை அதனால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, பிறகு 0.7-ஆல் பெருக்குங்கள். ஒரு சார்ஜருக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடும் கி.மீ. அதுதான். பேட்டரிக்கு மொத்தக் கொள்ளளவு என்று ஒரு எண்ணும், பயன்படுத்தக்கூடியது என்று ஒரு எண்ணும் இருக்கும். முதல் டைகானின் பெரிய பேட்டரியில் 93.4-க்கு எதிரே 83.7. கேட்காவிட்டால் பெரியதைத்தான் சொல்வார்கள்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் எந்தச் சான்றிதழ் எண்ணும் உதவாது. 2008-ல் டெஸ்லா ரோட்ஸ்டர் டிராக்கில் 55 மைல்தான் ஓடும் என்று பிபிசி நிகழ்ச்சி ஒன்று சொன்னதற்காக அந்த நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது. 2013-ல் மேல்முறையீட்டிலும் டெஸ்லா தோற்றது.

"கோவை வரை போகும்" என்று விற்பனையாளர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: எந்த வேகத்தில், எந்தச் சக்கரத்தில், ஏசியோடா இல்லாமலா. எழுதித் தர மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள். விளம்பரம், பிரோஷர், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அன்றைய தேதியோடு சேமித்து வையுங்கள். பேட்டரி வாரண்டி இதற்குக் கைகொடுக்காது. எட்டு ஆண்டுக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பொதுவாக அது வரும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். இந்த வண்டிகளில் பல நேராக மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியவை. மாவட்டத்தில் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டால் மாதங்கள் வீணாகும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வரிச் சலுகைக்காகக் கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். வழக்கறிஞரிடம் போகும்போது அந்த பில்லை முதலில் காட்டுங்கள்.