கிருஷ்ணகிரிக் கோட்டையை மேசைக்குக் கொண்டுவர எந்த அளவு பொம்மை வாங்கலாம்?

1791 நவம்பர் 7 அன்று ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை, திப்புவின் கிருஷ்ணகிரிக் கோட்டைக்குக் கீழே இருந்த பேட்டையைப் பிடித்தது. மலையேறப் போனபோது மேலிருந்து உருண்டு வந்த பாறைகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பியது. இந்தச் சண்டையைச் சிறு படைவீரர் பொம்மைகளை வைத்து மேசைமேல் விளையாட்டாக ஆட நினைப்பவரின் கை முதலில் 28 மி.மீ. உயரப் பொம்மைப் பெட்டிக்குத்தான் போகும். அங்கேதான் சிக்கல்.

28 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1/56. மலையை 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதே விகிதத்தில் மூன்றரை மீட்டர் உயரம் வரும், வீட்டுக் கூரை தாங்காது. 1/300-இல், அதாவது 6 மி.மீ.யில், 67 செ.மீ.தான். அதனால் ஏணி வைத்து மதில் ஏறும் ஒரு மூலையை மட்டும் ஆட 28, மலையும் பேட்டையும் சேர்ந்து வேண்டுமென்றால் 6. பென்னாகரம், ராயக்கோட்டை என்று 1791 படையெடுப்பு முழுவதையும் ஆடுபவருக்கும் 6தான் சரி. அதில் பேக்கஸ் நிறுவனத்தின் பொம்மைகள் நம்பகமானவை, 60×30 மி.மீ. அடித்தட்டில் ஒரு பட்டாளமே அடங்கும். திப்புவின் காலாட்படை அணிந்த புலிவரிச் சட்டையை இந்த அளவில் வரையவே வேண்டாம், ஊதா அடித்துவிட்டு வெள்ளைப் புள்ளி நாலு வைத்தால் போதும்.

28-க்குப் போனால் பெர்ரி நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டிகளே முதல் தேர்வு. ஆனால் நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். அதிலுள்ள உயரமான ஷாக்கோ தொப்பி 1800 வாக்கில்தான் வந்தது. அமெரிக்க விடுதலைப் போர் பெட்டியின் கோட்டு இந்தக் காலத்துக்குப் பக்கத்தில் வரும், தொப்பியை மட்டும் வட்டத் தொப்பியாக மாற்ற வேண்டும். ஃபவுண்ட்ரி நிறுவனத்தின் பழைய உலோகப் பொம்மைகள் பலவற்றைச் செதுக்கியதும் பெர்ரி சகோதரர்களே என்பதால் இரண்டும் ஒட்டிப்போகும். ஃப்ரண்ட் ரேங்க் நிறுவனத்தின் பொம்மைகள் தடித்த உடம்பு, அதே தட்டில் கலந்தால் பெரியப்பாவும் பேரனும் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். 15 மி.மீ.யிலும் இதே கதைதான்: எசெக்ஸ் நிறுவனப் பொம்மையின் பக்கத்தில் ஏபி நிறுவனத்தின் 18 மி.மீ. பொம்மை ஓங்கி நிற்கும்.

கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக் சிமெண்ட், உலோகத்துக்கு சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் சிமெண்டில் உலோகம் ஒட்டாது. எல்லாவற்றையும் முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், அச்சின் எண்ணெய் இருந்தால் பெயிண்ட் உரியும். 1/72 மென்பிளாஸ்டிக்கில் கழுவினாலும் துப்பாக்கி நுனியில் உரியத்தான் செய்யும். ஏப்ரல், மே வெயிலில் ஸ்ப்ரே ப்ரைமர் (பெயிண்டுக்கு முந்தைய முதல் பூச்சு) பொம்மையை அடையும் முன்பே காய்ந்து மணல்போல் படியும். காலை ஏழு மணிக்குள் அடியுங்கள், அல்லது தூரிகையால் பூசுங்கள்.

பாறைக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கிரானைட் பட்டறைச் சில்லும், சலித்த செம்மண்ணும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் போதும். சில்லு 6 மி.மீ.க்கு கடுகளவு, 28-க்குப் புளியங்கொட்டை அளவு.