‘சேமிக்க அனுமதி இல்லை’: அட்மினாகத் திறப்பதா, ஃபோல்டர் உரிமையை மாற்றுவதா?

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். கோபியில் எங்கள் டிடிபி கடைக்குப் பெரியவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை புரூஃபோடு வந்தார். "அம்மிணி, இணைச்சீர்காரப் புள்ள பேரு உட்டுப் போச்சு, அதைய மட்டும் சேத்திக் குடுத்துரு சாமி" என்றார். மாப்பிள்ளையின் அக்கா பெயர் விட்டுப்போனால் எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. ஃபைலைத் திறந்து பெயரைச் சேர்த்து சேவ் கொடுத்தேன். இந்த இடத்தில் சேமிக்க உங்களுக்கு அனுமதி இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் நான்தான். முந்தின நாள்தான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழையதிலிருந்த ஹார்டு டிஸ்கை அதில் இரண்டாவது டிரைவாக மாட்டியிருந்தோம். ஒன்பது வருஷத்துப் பத்திரிகைகளும் பண்ணாரி குண்டம் நோட்டீஸ்களும் அதில்தான் இருந்தன. எல்லாம் திறந்தது, எதுவும் சேவ் ஆகவில்லை.

இதற்குச் சொல்லப்படும் வழிகள் நான்கு. நான்கையும் செய்து பார்த்தேன். கடைசியில் ஃபோல்டர் உரிமையை மாற்றும் வழியில்தான் நிலைத்தேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். அதற்கு முன் ஒரு நிமிஷச் சோதனை: அதே ஃபைலை டெஸ்க்டாப்பில் சேவ் செய்து பாருங்கள். அங்கே ஆகிறது என்றால் குறை அந்த ஃபோல்டரில். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோகூட மறுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன் பகுதியைப் பாருங்கள். அங்கே கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் (தெரியாத மென்பொருள் நம் ஃபோல்டர்களில் எழுதாமல் தடுக்கும் வசதி) ஆனில் இருந்தால், உங்கள் மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும். கீழே சொல்லும் எதுவும் அதற்குத் தேவையில்லை.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: மென்பொருள் ஐகானில் ரைட் கிளிக், ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’. பெரியவர் நிற்கும்போது நானும் அதைத்தான் செய்தேன். பத்து நொடியில் சேவ் ஆனது, அவரும் கிளம்பினார். அவசரத்துக்கு இதை அடிக்க வேறு வழி இல்லை. பிரிண்டர் டிரைவர் போடுவது, எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக ஃபான்ட் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு இதுதான் சரியான வழியும்கூட.

ஆனால் தினப்படி வேலைக்கு இதை வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றாக இடிக்கும். அட்மினாகத் திறந்த மென்பொருளுக்குள், சாதாரணமாகத் திறந்த ஃபோல்டரிலிருந்து படத்தை இழுத்துப் போட முடியாது. மேப் செய்து வைத்த நெட்வொர்க் டிரைவ் அதற்குள் தெரியாமல் போகும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற வைத்தது வேறொன்று.

கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சாதாரண யூசர் கணக்குதான் கொடுத்திருக்கிறேன். அவள் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால் என் பாஸ்வேர்டைக் கேட்கும். மூன்று நாள் நானே எழுந்துபோய் அடித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் அவள் வந்து, "அக்கா, நேத்து முடிச்சு வெச்ச காதுகுத்துப் பத்திரிகையக் காணமுங்க்கா" என்றாள். டாக்குமென்ட்ஸில்தான் சேவ் செய்தாளாம், அங்கே இல்லை. அரை மணி நேரம் தேடினோம். ஃபைல் என் கணக்கின் டாக்குமென்ட்ஸில் இருந்தது. என் பாஸ்வேர்டில் திறந்த மென்பொருள் என் பெயரில் ஓடுகிறது, அதற்கு டாக்குமென்ட்ஸ் என்றால் என்னுடையதுதான். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, முகம் வாடி நின்றதைப் பார்க்க எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்றோடு அந்த வழியை விட்டேன்.

இரண்டாவது வழி, ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ என்று சேர்த்து ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துவிடுவது. வேலை நடக்கும். ஆனால் ஃபுல் கன்ட்ரோல் என்றால் எழுதவும் அழிக்கவும் மட்டுமல்ல, அனுமதிகளையே மாற்றவும் சேர்த்து விட்டுக்கொடுப்பது. அவ்வளவு யாருக்கும் தேவையில்லை. மூன்றாவது, எல்லாவற்றையும் நம் டாக்குமென்ட்ஸுக்குள் காப்பி செய்வது. காப்பி ஆகும் ஃபைல் போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும் என்பதால் சிக்கல் அத்தோடு தீரும். கொஞ்சம் ஃபைல்தான் என்றால் இதையே செய்யுங்கள், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். என்னிடம் இருந்தது 180 ஜிபி, புது டிஸ்கில் அவ்வளவு இடம் இல்லை.

இனி நான்காவது. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தேன். பட்டியலில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவுக்கு உரிமை இருந்தது, ஆனால் மென்பொருளை அட்மினாகத் திறந்தால்தான் அது செல்லும். அடுத்து ‘யூசர்ஸ்’ இருந்தது, அதற்குப் படிக்கும் அனுமதி மட்டும். அதன் கீழே பெயரே இல்லாமல் எஸ்-1-5-21 என்று தொடங்கி ஒரு வரி நீளத்துக்கு ஒரு எண். சாதாரணமாகத் திறந்தாலும் செல்லும் முழு உரிமை அந்த எண்ணிடம்தான் இருந்தது. அது வேறு யாரும் இல்லை, பழைய கம்ப்யூட்டரில் இருந்த நான்தான். விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை, ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தாலும் எண் வேறு. காட்டை வாங்கி உழவும் ஆரம்பித்துவிட்டு, பட்டா மட்டும் இன்னும் பழைய பெயரில் கிடப்பது மாதிரி.

பட்டா மாற்றுவது இப்படி: அதே பக்கத்தில் அட்வான்ஸ்டு, மேலே ஓனர் வரியில் சேஞ்ச். புது ஓனரைக் கொடுத்து, உள்ளிருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஓனரை மாற்றும் கட்டத்தை டிக் செய்து ஓகே. மூடித் திறந்து, ‘ஆட்’ கொடுத்துக் கணக்கைச் சேர்த்து, ‘மாடிஃபை’ அனுமதி. ‘ரைட்’ மட்டும் போதாதா என்று எனக்கும் தோன்றியது. போதாது. வேர்டு, எக்செல் போன்றவை சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகமாகப் புது ஃபைல் ஒன்றை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கின்றன. அதனால் அழிக்கும் உரிமையும் சேர்ந்த மாடிஃபை வேண்டும். எங்கள் ஃபோல்டருக்கு எல்லாம் மாறி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. பாதியில் நிறுத்தாதீர்கள்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். ஓனராகவும் அனுமதியிலும் என் கணக்கை மட்டும் போட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டி வந்தது. திறந்து பார்த்தால் பட்டியலில் மறுபடி ஒரு நீள எண். கணக்கு புதிது, எண்ணும் புதிது, மறுபடி முக்கால் மணி நேரம்.

இரண்டாம் முறை ஓனராக ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவையும், மாடிஃபை அனுமதிக்கு ‘யூசர்ஸ்’ குழுவையும் கொடுத்தேன். இந்தக் குழுக்கள் விண்டோஸோடு பிறந்தவை. அவற்றின் அடையாள எண் எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஒன்றே: அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் எஸ்-1-5-32-544, யூசர்ஸ் எஸ்-1-5-32-545. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் உரிமை அப்படியே செல்லும். கடைப் பெண்ணின் கணக்கும் யூசர்ஸில் அடங்குவதால் அவளும் தன் பெயரிலேயே சேவ் செய்கிறாள், யார் பாஸ்வேர்டும் வேண்டியதில்லை. எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு விஷயம்தான். அட்மினாகத் திறப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை, இது ஒரு தடவை செய்து மறந்துவிடும் வேலை.

இதையும் எல்லா இடத்திலும் செய்யக் கூடாது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரிலும் புரோகிராம் ஃபைல்ஸிலும் ஓனரைத் தொடவே தொடாதீர்கள். அங்கே பல ஃபைல்களுக்கு ஓனர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’, அப்டேட் எல்லாம் அதை நம்பித்தான் நடக்கிறது. நம் வேலை ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள், அதையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸின் வசதியாலேயே என்கிரிப்ட் செய்த ஃபைல் என்றால் ஓனரை மாற்றியும் திறக்காது, அதற்கு அந்தப் பழைய கணக்கின் சாவி வேண்டும். டிஸ்கைக் கழற்றும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கணக்கு அனுபவத்தில். திருப்பூர் ஆபீஸ்களைப் போலப் பத்துக் கம்ப்யூட்டர் ஒரே ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்தால் ஷேரிங் பக்கத்தில் இன்னொரு அனுமதியும் உண்டு, இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். அங்கே இதை மட்டும் செய்து நிறுத்திவிட முடியாது.

கடைக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வாடிக்கையாளர் கொடுத்த ஆதார் ஸ்கேன் எல்லாவற்றையும் யூசர்ஸுக்குத் திறந்துவிடவில்லை. அவற்றைத் தனி ஃபோல்டராக்கி என் கணக்குக்கு மட்டும் வைத்திருக்கிறேன். விண்டோஸ் மாற்றினால் அதற்கு மட்டும் மறுபடி பட்டா மாற்ற வேண்டும். சின்ன ஃபோல்டர், இரண்டு நிமிஷ வேலைதான்.